நிற்காமல் போன பஸ்

எங்கள் தெரு ஊருக்கு வெளியே, ரோட்டை ஒட்டி இருந்தது. நரிக்குடிப் பக்கமிருந்து வரும் பஸ், ஊர் மந்தைத் திடலில் ஆளேற்றிக்கொண்டு எங்கள் வாசல்களைத் தாண்டித்தான் அருப்புக்கோட்டைக்குப் போகும். எங்கள் தெருவில் மட்டும் நிற்காது. போக வேண்டுமென்றால் நாங்கள் மந்தைக்கு நடக்க வேண்டும். ஊர்க்காரர்கள் ஏறி முடிக்கும்வரை ஒதுங்கி நின்று, கடைசியில் ஏற வேண்டும். சீட்டு காலியாக இருந்தாலும் உட்காரக் கூடாது.

அறுபதுகளின் கடைசியில், மழை பொய்த்த ஒரு வருஷம், என் மதினியின் கைக்குழந்தைக்கு விடியும்போதே வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. அண்ணன் கரிமூட்ட வேலைக்கு வெளியூர் போயிருந்தான். வீட்டில் மதினியும் நானும்தான். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிட்டது.

"தாயி, மந்தைக்குப் போக நேரமில்ல. பஸ்ஸு இந்தா வந்துரும். இங்கனயே கை காட்டுவோம்" என்றாள் மதினி.

ரோட்டோரம் நின்றோம். பஸ் வந்தது. மதினி குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். டிரைவர் வேகத்தைக் குறைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். படியில் நின்ற கண்டக்டர் எங்களைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், விசிலை ஊதினான். பஸ் போய்விட்டது. அவனை 'அவர்' என்று எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.

நடந்தோம். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. மதினி முந்தானையை நனைத்துக் குழந்தையின் உதட்டில் பிழிந்தபடியே நடந்தாள். வெகுதூரம் போன பிறகு பின்னால் ஒரு கரி லோடு லாரி வந்தது. யாரோ முன்பின் தெரியாத டிரைவர். எந்த ஊர், எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. "ஏறும்மா" என்றார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். "இன்னும் செத்த நேரம் விட்டிருந்தா பிள்ள இல்ல" என்று நர்ஸம்மா சொன்னார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஊர் திரும்பினோம். அதன்பிறகுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. காரணம், கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "அதான் பிள்ள பொழச்சிருச்சுல்ல, விடு." ஊர்க்காரர்கள் சொன்னதுகூடப் பரவாயில்லை. எங்கள் தெரு ஆண்களும் அதையே சொன்னார்கள். பிள்ளை பிழைத்தது அந்த லாரிக்காரரால். விசில் ஊதியவனின் கணக்கில் அதை எப்படிச் சேர்ப்பது?

மதினி யாரிடமும் வாதாடவில்லை. மறு வாரம் ஒரு காலையில் கருவேல முள்ளை வெட்டி இழுத்துவந்து ரோட்டின் குறுக்கே போட்டாள். நானும் இழுத்தேன். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து எங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கத்தினான். விஷயம் மந்தைக்குப் போய், ஊர்த் தலைவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏ புள்ள, ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டுதா?"

மதினி எழுந்து நின்றாள்.  

"ஆமா மொதலாளி. பஞ்சத்துல இந்த ரோடு போட்டப்ப சரள சொமந்தது எங்கப்பனும் ஆத்தாளுந்தான். ஒங்க வீட்டுல இருந்து ஒரு கூடை வந்துச்சா?"

அவர் கை ஓங்கினார். நாங்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டோம். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். ஓங்கிய கையை அவர் மெல்ல இறக்கி, சைக்கிள் ஹேண்டில் பாரில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் பஸ் தினமும் முள்ளில் மாட்டியது. கடைசியில் பஸ் முதலாளியே வந்து பார்த்தார். நியாயம் பேச வரவில்லை அவர். டவுனுக்கு விறகும் கரியும் விற்கப் போகிற பெண்கள் எத்தனை பேர் என்று விசாரித்தார். மறுநாளிலிருந்து பஸ் எங்கள் தெருவில் நின்றது.

ஊர் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷம் இருந்த கொஞ்ச வெள்ளாமைக்கும் எங்களில் ஒருத்தரையும் களையெடுக்கக் கூப்பிடவில்லை. கம்பங்கஞ்சிக்கே திண்டாடினோம். வேறு வழியில்லாமல் அதே பஸ்ஸில் ஏறி டவுனுக்குப் போய், சாயப் பட்டறைகளில் வேலை தேடிக்கொண்டோம். மதினி முன்சீட்டில் உட்கார்ந்துதான் போவாள். முதல் நாள் ஒருவர் முகத்தைச் சுளித்து எழுந்து நின்றுகொண்டார். "நல்லதாப் போச்சு, எடமாச்சு" என்று குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டாள்.

எழுபதுகளின் கடைசியில் அந்தத் தலைவர் எங்கள் ஸ்டாப்பில் ஒரு நிழற்குடை கட்டினார். தன் தகப்பனார் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதினார். திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, "இந்த சனங்களுக்கு பஸ்ஸு நிக்கணும்னு அன்னைக்கே போராடி வாங்கிக் குடுத்தேன்" என்றார். சிலர் கைதட்டினார்கள். எங்கள் தெருக்காரர்களும்தான்.

மதினி கூட்டத்தின் நடுவிலிருந்து கேட்டாள்: "மொதலாளி, எந்தக் கையால வாங்கிக் குடுத்தீக? ஓங்குனீகளே, அந்தக் கையாலயா?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். "விசேஷத்துல வந்து என்ன பேச்சு" என்று எங்கள் ஆட்களே அவளை அடக்கினார்கள்.

மதினி அந்த நிழற்குடைக்குள் போனதே இல்லை. சித்திரை வெயிலிலும் ரோட்டோரம்தான் நிற்பாள். "உள்ள வந்து உக்காரேன் மதினி" என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நானும் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.