பின் போர்ஷன்

மயிலாப்பூரில் வாடகைக்கு விடுபவர்கள் 'வீடு காலி' என்று சொல்வது அபூர்வம். 'போர்ஷன் காலி' என்பார்கள். பங்கு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் தங்கள் பெண்ணுக்குக் கொடுத்த சீதனத்துக்கும் அதுவே பெயர் என்கிறது என்னிடமுள்ள அகராதி. எங்கள் தெருவில் அதற்கு அர்த்தம் இதுதான்: ஓர் அறை, ஓர் அடுக்களை, நான்கு குடித்தனங்களுக்குப் பொதுவாக ஒரு குழாய்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பின் போர்ஷனில் இருந்தோம். முன்பக்கம் முழுவதும் வீட்டுக்காரர்களுடையது. பெண் பார்க்க யாராவது வந்தால், குடித்தனக்காரர்கள் அவர்களுடைய ஹாலை ஒரு மாலைக்குக் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். ஊஞ்சல், மின்விசிறி, சுவரில் யாருடைய தாத்தாக்களோ.

என் தங்கைக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. ஜாதகம் பொருந்தி, ஆட்கள் வீடுவரை வந்தது அதுதான் முதல் தடவை. தி. நகர்க்காரர்கள். பையனின் அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

"வீடு நன்னா விசாலமா இருக்கே. சொந்தமா?"

"எல்லாம் நம்மாத்து மாதிரிதான்" என்றார் என் அப்பா.

அது பொய்யில்லை என்று பின்னால் பலமுறை சொன்னார். பக்கத்திலேயே இருந்தேன், நானும் திருத்தவில்லை.

பஜ்ஜித் தட்டுகள் வந்த சமயம் வீட்டுக்கார மாமி எட்டிப் பார்த்தாள். கெட்ட எண்ணத்தோடு வந்தாள் என்று என்னால் எழுத முடியாது.

"அஞ்சரைக்கு பஜனைக்காரா வந்துடுவா. காப்பியை உங்க போர்ஷன்ல வெச்சுக்கறேளா?"

பையனின் அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "போர்ஷனா? அப்போ நீங்க இங்க குடித்தனமா?"

ஊஞ்சல் நின்றது. காப்பிக்கு அவர்கள் இருக்கவில்லை.

நான்காம் நாள் கார்டு வந்தது. ஜாதகத்தை வேறொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், பொருத்தம் போதாதாம்.

"குடித்தனம்னு முதல்லயே சொல்லியிருந்தா பஜ்ஜி எண்ணெயாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் தங்கை. அப்பா எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்.

அடுத்த வரனுக்கும் அவர் அதே ஹாலைத்தான் கேட்டார். "அதுக்கென்ன, பேஷா எடுத்துக்கோங்கோ" என்றாள் மாமி. தங்கை சம்மதிக்கவில்லை. ஜமக்காளத்தை எங்கள் அறையிலேயே விரித்தாள். நான்கு பேர் உட்காரலாம். வந்தவர்கள் ஏழு பேர். மூன்று பேர் அடுக்களை வாசலில் நின்றபடியே கேசரி தின்றுவிட்டுப் போனார்கள். அவர்களிடமிருந்து கார்டுகூட வரவில்லை.