பூக்கை எடுத்த ரத்தம்

எங்கள் பச்சிளங்குழந்தை வார்டில் ரத்தம் எடுக்கும் அக்காவுக்குப் ‘பூக்கை’ என்று பேர் வைத்ததே நர்ஸுகளான நாங்கள்தான். அவள் கை பட்டால் பிள்ளைகள் சிணுங்கக்கூட மாட்டார்கள். “புருஷனைத்தான் பேச்சிலேயே குத்திக் கிழிக்கிறா” என்று கேலி செய்வோம், சிரிப்பாள். அந்தப் பேரால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

கிருமித் தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஒரு பெண் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கிருமி புகுந்தால் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற ஒன்று ஏறும். பிறந்த உடனே பார்த்தால் பிடிபடாது. மறுநாளும் ஏறவில்லையென்றால் மருந்தை நிறுத்திவிடலாம். அந்த மறுநாள் ரத்தத்துக்காகத்தான் பூக்கை வந்தாள்.

குழந்தையின் குதிகால் முழுக்க ஏற்கெனவே குத்திய தடம். தாய் அழுதுவிட்டாள். “அக்கா, உங்களப் பத்தி எல்லாரும் சொல்றாங்க. வலிக்காம எடுத்துடுங்கக்கா.”

பூக்கை புதிதாகக் குத்தவே இல்லை. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த ஊசியின் வழியாகவே ரத்தத்தை இழுத்துக்கொண்டாள். பிள்ளை தூங்கியபடியே இருந்தது. தாய் அவள் கையை விடவில்லை.

சி.ஆர்.பி. குறைவு என்று வந்தது. “மருந்த நிறுத்திடலாம்மா” என்றார் டாக்டர். தாய் பையைக் கட்ட ஆரம்பித்தாள். அதே ரத்தத்தில் பார்த்த சர்க்கரை அளவு அப்போதுதான் பூக்கையின் கண்ணில் பட்டது. எக்கச்சக்கம். பாலில் தண்ணீர் ஊற்றின மாதிரி, ரத்தத்தில் குளுக்கோஸ் கலந்துவிட்டது. சர்க்கரை கூடியது, சி.ஆர்.பி. நீர்த்துப்போனது. அந்தக் கணக்கை நம்பி மருந்தை நிறுத்தினால் பிள்ளை கதி என்ன? அவள் முகம் செத்துவிட்டது.

“ரத்தம் உறைஞ்சிருந்துச்சு, இந்த ரிசல்ட்ட நம்ப முடியாதுன்னு சொல்லி மறுபடி எடுத்துடுக்கா” என்று காதில் சொன்னேன். நானும் யோக்கியம் இல்லை.

அவள் கேட்கவில்லை. “டாக்டர், நிறுத்தாதீங்க. ட்ரிப் போற ஊசியிலயே எடுத்துட்டேன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மறுபடி எடுக்கச் சொன்னார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம்.

குதிகாலில் மறுபடி குத்தினாள். பிள்ளை வீறிட்டது. இந்த முறை சி.ஆர்.பி. நன்றாகவே ஏறியிருந்தது. மருந்து தொடர்ந்தது.

கட்டிய பையை அவிழ்த்துக்கொண்டே தாய் கேட்டாள். “நான் கெஞ்சினதாலதானக்கா இப்படி ஆச்சு? எம்மேலதான் தப்பு.”

பழியைத் தானே தலையில் போட்டுக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டது. நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பூக்கை அவமானத்தில் குறுகிப்போய்த் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“இல்லம்மா. நீ கெஞ்சலன்னாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன். முன்னாடியும் எடுத்திருக்கேன்.”

வாசல் வரை போன டாக்டர் திரும்பினார். “எந்தெந்தக் குழந்தைக்கு?”

அவளுக்கு ஒரு குழந்தைகூட நினைவுக்கு வரவில்லை.