வாசலோரப் பாய்

புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் சின்னச் சபைக்கு மூப்பர் அர்த்தநாரி. ஆயர் மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் மணி அடிப்பது, ஜெபம் நடத்துவது, வேதம் வாசித்து நாலு வார்த்தை சொல்வது எல்லாம் மூப்பர்தான். அவர் அப்பாவும் என் பெரியம்மா வீட்டுக்காரரும் ஒரே கிணற்றில் பங்கு வைத்திருந்தவர்கள். அந்த வழியில் எனக்கு அவரைச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

வாலிபத்தில் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் போர்க்கிணறு தோண்ட வடக்கே போனவர். போன இடத்தில் காய்ச்சலில் விழுந்தார். லாரி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அவரைத் தூக்கிப் போய்க் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தது ஒரு சர்ச்சுக்காரக் குடும்பம். ஊர் திரும்பி ஞானஸ்நானம் எடுத்தார். புதுப் பேர் என்ன வைக்கலாம் என்று ஆயர் கேட்டதற்கு, அம்மா கூப்பிட்ட பேரே இருக்கட்டும் என்றாராம். பேர் நின்றது, சொந்தம் நிற்கவில்லை. அக்காள் கண்ணாத்தாளின் புருஷன் காளியப்பன், இனி என் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். அக்காள் மகன் ஜெகதீஸ்வரன் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் யாரோ ஒரு பங்காளி நின்றார்.

அர்த்தநாரி கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டார். சபைக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு குண்டான் சோறு வைத்தால் ராத்திரிக்கும் அதுதான். பிள்ளைக்குப் பரீட்சை, மாட்டுக்குச் சீக்கு, புருஷன் பொஞ்சாதி சண்டை என்று ஜனங்கள் அவரிடம் வருவார்கள். ஜெபம் முடிந்ததும் எழுந்து போவார்கள். சும்மா உட்கார்ந்து பேச ஒரு ஆள் வந்து நான் பார்த்ததில்லை.

பேசுவதற்கு அவருக்கு ஒரே ஒரு ஆள். தேர் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கண்ணாத்தாள் வருஷா வருஷம் திருச்செங்கோட்டுக்கு வருவாள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருப்பார்கள். போன தேருக்கு வந்தபோது அவள் கேட்டாள்.

"சாமி, நான் போனா கோடி நீதான் கொண்டாரோணும். பொறந்த ஊட்டுல வேற ஆரு இருக்கறா?"

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுப் புதுச்சேலை அவள் மேல் விழ வேண்டும். அதுதான் கோடி. அதைப் போடாமல் எடுத்தால் அநாதையைப் போல எடுத்துப் போனார்கள் என்று ஆகிவிடும். அர்த்தநாரி அவள் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். பஸ் வந்தது, அக்காள் ஏறிப் போய்விட்டாள்.

சரி என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் சபையில் ஆத்தாயி என்று ஒரு விதவை. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ராசிபுரத்தில் அவள் தங்கை இறந்தபோது, அண்ணன் தம்பி இல்லாததால் அவளே கோடிச்சேலை கொண்டுபோய்ப் போட்டாள். பழைய சடங்கில் கை வைத்தாயே என்று மூப்பர் அவளைத் திருவிருந்திலிருந்து நிறுத்தினார். ஆயர் அதை அவர் முடிவுக்கே விட்டுவிட்டார். எல்லாரும் முன்னால் போய் அப்பமும் ரசமும் வாங்கும்போது, அவள் வாசலோரம் ஒரு கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தாள். சோளம் விதைத்ததிலிருந்து அறுப்பு வரை அங்கேதான். மூப்பர் கூப்பிட்ட பிறகுதான் முன்னால் வந்தாள்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, முதல் மணி அடிக்கிற நேரத்தில் ஜெகதீஸ்வரன் போன் பண்ணினான்.

"மாமா, அம்மா போயிருச்சுங்க. அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கறாரு. பொழுது சாய எடுத்துருவோமுங்க."

போனை வைக்கும் முன், "அம்மா உங்களத்தான் சொல்லிட்டே இருந்துச்சு" என்றான்.

மூப்பர் அன்றைக்கு வாசிக்க வேண்டிய பகுதியில் அடையாள நூலை வைத்து, வேதத்தை மூடி, சபைச் செயலாளர் நந்தகுமாரிடம் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் நந்தகுமாரின் முகம் மாறியது. பார்த்துவிட்டு வாருங்கள், கோடி மட்டும் வேண்டாம் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆத்தாயக்காளுக்கு ஒரு சட்டம், மூப்பருக்கு ஒரு சட்டமுங்களா?"

"ஒரே சட்டந்தானுங்க" என்று சொல்லிச் சபைச் சாவியையும் அவர் கையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கேட்டருகில் ஆத்தாயி எதிரே வந்தாள். அவர் நின்று, கோடி எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அவளிடம் சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதாவது குத்திச் சொல்வாள் என்று பக்கத்தில் நின்ற நான் நினைத்தேன்.

"போயிட்டு வாங்க. முந்தானைய நல்லா இழுத்துப் போத்தி உடுங்க. எந் தங்கச்சிக்கு நான் அவசரத்துல போத்திட்டேன். பாதம் வெளிய தெரிஞ்சுது."

நாமக்கல்லில் இறங்கி அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தார். வீட்டம்மாவுக்கா என்று கடைப்பெண் கேட்டதற்கு, அக்காளுக்கு என்றார்.

எழவு வீட்டில் நடந்ததை அவர் என்னிடம் சொன்னது கொஞ்சம்தான். படி ஏறும்போது யாரும் வா என்று சொல்லவில்லை. உடம்புக்கு அருகில் உட்கார்ந்திருந்த காளியப்பன் அவரைப் பார்க்காமலே நாற்காலியைச் சற்று நகர்த்தி வழி விட்டார். அர்த்தநாரி சேலையை விரித்துப் பாதம் வரைக்கும் இழுத்து மூடினார். வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டபோது ஒதுங்கி நின்றார். அக்காளை எடுத்துப் போன பிறகு பேச அங்கே ஆள் இல்லை. பஸ் ஏறினார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று மணியை அவரேதான் அடித்தார். அடித்துவிட்டு அந்தக் கோரைப்பாயை வாசலோரம் விரித்து உட்கார்ந்துகொண்டார். நந்தகுமார் வேகவேகமாக வாசித்தார். ஆயர் கை நீட்டிக் கூப்பிட்டார், போகவில்லை. பிறகு அறைக்கே போய் ஆயர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஆத்தாயியை நிறுத்தியபோது நான் யாரையும் கேட்கவில்லையே என்றாராம் மூப்பர். நிறுத்தியவரும் அவரே, வா என்று சொல்ல வேண்டியவரும் அவரே. சோளம் அறுத்தாகிவிட்டது. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை.

போன மாதம் ஆத்தாயி ஒரு காரியம் செய்தாள். துவைக்க வேண்டும் என்று சொல்லி அந்தப் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் வெறும் தரையில் உட்கார்ந்தார். திருவிருந்து வாங்கித் திரும்புகிறவள் அவர் அருகில் நின்றாள்.

"தரை சில்லுன்னு இருக்குமுங்க. முன்னால வாங்க."

"வாரேன் ஆத்தாயி" என்றார்.

இன்னும் வரவில்லை. அவளும் பாயைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.