வெள்ளைக்கரு என்று சொன்னேன்

அந்த ஒரு சொல்லை நான் வாயில் எடுத்திருக்கவே கூடாது. ஐம்பதுகளில் போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே சோதனைச்சாலை என்ற பெயரில் இருந்த ஒற்றை அறைக்கு ராஜாவும் நான்தான், மந்திரியும் நான்தான். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த பெண் ஒருத்தி வீங்கிய கால்களோடு வந்து சேர்ந்தாள். ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது.

கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் அவள் சிறுநீரை ஊற்றி, பிக்ரிக் அமிலம் கலந்த மஞ்சள் கரைசலை அதில் விட்டு, ஒரு நாள் அசைக்காமல் வைத்தேன். நீரில் புரதம் இருந்தால் திரிந்து அடியில் படியும். படிவு எத்தனை கோடு ஏறுகிறதோ அதுதான் அளவு. நாலு கோடு ஏறியிருந்தது.

"என்னண்ணே இருக்கு?" என்று கேட்டாள்.

புரதம் என்றால் அவளுக்கு எப்படிப் புரியும்? பெரிய மேதாவி மாதிரி, "நீர்ல வெள்ளக்கரு இறங்குது தாயி" என்றேன்.

ஒரு நாள் நீர் முழுவதையும் ஜாடியில் பிடிக்கச் சொன்னார் டாக்டர். மறுநாள் பார்த்தால் ஜாடியின் அடி மட்டும் நனைந்திருந்தது. "கிட்னி நின்னுக்கிட்டு வருது. சாயந்தரம் வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா தாயைக் காப்பாத்தப் பிள்ளையை எடுத்துர வேண்டியதுதான்" என்றார். அந்தக் காலத்தில் ஏழு மாதப் பிள்ளை எங்கே பிழைக்கும்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலுக்கு ஓடிப்போய், "ஜாடியில பிடிக்காம எங்க கொண்டுபோய்க் கொட்டுன?" என்று கத்தினேன். அவள் உதடு வெடித்துக் கிடந்தது.

"கொட்டலண்ணே. அடக்கிக்கிட்டுக் கெடக்கேன். தண்ணியும் குடிக்கல. குடிச்சா மிச்சக் கருவும் இறங்கிரும்ல?"

அடப்பாவி, நான் சொன்னது முட்டையின் கரு. அவள் காதில் விழுந்தது வயிற்றுப் பிள்ளை!

"ஐயோ தாயி, அது வெறும் சத்து. பிள்ளை இல்ல. எம்புத்தியச் செருப்பால அடிக்கணும். குடி தாயி, வெரசா குடி."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். மணி மூன்றாகிவிட்டது. தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். அதைப் பார்த்துத்தான் அவள் செம்பை வாங்கிக் குடித்தாள்.

விளக்கு வைப்பதற்குள் ஜாடி பாதி நிறைந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம்" என்று போனார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஜாடியைத் தூக்கப் போனேன். அவள் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அழுதீகளேன்னுதான் குடிச்சேன். இப்ப நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே, அதுல எம்பிள்ள இல்லையே?"