ஆளில்லா வீட்டு அடுப்புகள்

பருவமழையும் கட்சி மாறிக்கொண்டிருந்த காலம் அது. வர வேண்டிய மாதத்தில் வராது. அறுவடை நேரத்தில் அழையா விருந்தாளியாக வந்து நிற்கும். மேட்டூரில் பூத் தூவி அணையைத் திறந்த படம் பேப்பரில் வந்தது. கடைமடையில் இருந்த எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் படம் மட்டும்தான் வந்து சேர்ந்தது. நடவு இல்லை, கூலி இல்லை. தெருவே சத்தமில்லாமல், வீடு வீடாகப் பனியன் தைக்கத் திருப்பூருக்குக் கிளம்பியது. அப்பாவும் நானும் போனோம். மிராசுதார் மகன் துபாய்க்குப் போனபோது மாலை போட்டு வழியனுப்பிய ஊர், எங்களைப் போல் பிழைக்கப் போகிறவர்களை மட்டும் மண்ணை விட்டு ஓடுகிறவர்கள் என்றது.

அம்மா வரவில்லை. காரணம் மனை. குடியிருப்பவனுக்கே குடிசை மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது, பட்டாதான் வந்தபாடில்லை. மனைகள் இன்னும் மிராசுதார் பெயரில்தான் இருந்தன. அவர் பெருந்தன்மையானவர், யாரையும் விரட்டவில்லை. ஆள் இல்லாத வீடு காலி மனைதானே என்று மட்டும் டீக்கடையில் சொல்லி வைத்திருந்தார்.

வயலுக்கு அப்பால் இருந்த அவர் வீட்டு மாடியில் நின்றால், எங்கள் தெருவில் எந்தக் கூரையில் புகை வருகிறது என்று தெரியும். அதனால் போனவர்கள் எல்லோரும் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலமானால் அவள் வீடு வீடாகப் போய்க் கருவேல முள்ளை வைத்து அடுப்பு மூட்டினாள். எங்கள் வீட்டு அடுப்பில் மட்டும்தான் பானை இருந்தது.

மாசியில் நான் மட்டும் ஊருக்கு வந்திருந்தபோது, வறட்சியைப் பார்வையிட ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். வெயில் தாழ்ந்த பிறகுதான் வந்தார். வறட்சியைப் பார்க்க வெயில் ஆகாது போலும். பக்கத்தில் மிராசுதார். தெரு முழுக்கப் புகை. அதிகாரிக்கு முகம் மலர்ந்தது.

"எல்லா வீட்லயும் அடுப்பு எரியுதே. பஞ்சம் பொழைக்க யாரும் போகலையாம்மா?"

மிராசுதாரும் பதிலுக்குக் காத்திருந்தார். போய்விட்டார்கள் என்று சொன்னால் நிவாரண அரிசி வரும், மனை போகும். அந்த இரண்டு பேர் மீதும் அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

"எல்லாரும் இருக்காங்கய்யா. யாரும் எங்கயும் போகல."

அதிகாரி நிம்மதியாக ஜீப்பில் ஏறினார். நிவாரணம் வரவில்லை, பசியில்லாத தெருவுக்கு எதற்கு? மனைகள் தப்பின. நான் திருப்பூருக்குத் திரும்பும் நாளில், அம்மாவை ஒரு கண் பார்த்துக்கொள்ளும்படி ஊரில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக நினைத்தேன். அத்தனை குடும்பம் இருக்கிற தெருவில் அவள் தனியாக இருக்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?