இறங்காத செலவு

ஓவர்டைம் நிறைய இருந்த காலத்தில்தான் மண்ணூர்பேட்டையில் ஒற்றை அறையில் இருந்த நாங்கள் நூம்பலில் ஒரு ஃப்ளாட்டுக்கு வாடகைக்கு வந்தோம். ஏசி வந்தது. மகளுக்குப் பள்ளி வேன் வந்தது. எதையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக நினைவில்லை. என் கணவரின் சம்பளம் ஏறியது, செலவும் கூடவே ஏறிக்கொண்டது.

பிறகு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. முதலில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் வாரத்தில் சில நாள்தான் வேலை. செலவு மட்டும் இறங்கவில்லை. ஏசிக்குத் தவணை பாக்கி. வேனை நிறுத்தினால் மகள் வாடிப்போவாள். கறியை விட்டோம், பாலைக் குறைத்தோம். போன் அடித்தாலே தவணை கேட்கிறவர்களோ என்று எடுக்கத் தயங்குவேன்.

"சமாளிச்சிடலாம், விடு," என்பார். அடிக்கடி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் வெயில் என்பார்.

ஒருநாள் மத்தியானம் அவர் நம்பரிலிருந்து போன். எடுத்தால் வேறு குரல், கூட வேலை செய்கிறவர்.

"அக்கா, பயப்படாத. அண்ணன் பாடியில, பஸ் ஸ்டாப்புல மயங்கி வுயுந்துட்டாரு. பேசிகினுதான் கீறாரு. ஸ்டாப்புக்கு எதிர்ல கீற ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம், நீ வா."

ஆட்டோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்றபோது "போங்கண்ணா, போங்க" என்று கத்தினேன். அதற்குள் என்ன ஆகியிருக்குமோ என்பதைத் தவிர மனசில் ஒன்றுமில்லை.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"தினமும் போடறார்."

கட்டிலில் படுத்திருந்தவர் மெல்லச் சொன்னார். "பாதிதான் போடறேன். ஓவர்டைம் நின்னதுலேர்ந்து."

அவர் பக்கம் திரும்பினேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா பாப்பாவோட வேனை நிறுத்திடுவே."

பிழைத்துக்கொண்டார். அந்த வாரமே வேனை நிறுத்தினேன். ஏசியை வந்த விலைக்கு விற்றுத் தவணையை அடைத்தோம். வாடகை குறைந்த வீட்டுக்கு மாறினோம். மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தோழிகளோடு நடந்து போக ஆரம்பித்தாள்.

இப்போது ஆர்டர் திரும்ப வந்திருக்கிறது, ஓவர்டைமும். போன வாரம் பள்ளியில் சுற்றுலா என்று மகள் பணம் கேட்டாள். கையில் இருந்தது. கொடுத்தேன். அவள் ஓடிப் போன பிறகும் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றேன். பிறகு அவருடைய மாத்திரை அட்டையை எடுத்து, மீதி எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன்.