பேண்டேஜுக்குள் வைத்த மரிக்கொழுந்து

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். ஆனாலும் நான் ஒரு புத்தகத்தில் இருக்கிறேன். அட்டையிலேயே இருக்கிறேன்! இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், காலில் செருப்பு. எனக்கு ஏது செருப்பு? ரிப்பன்கூட பேண்டேஜ் துணியின் ஓரத்தைக் கிழித்துக் கட்டியதுதான். படம் வரைந்தவருக்குத் தெரியுமா, பாவம். இருந்தாலும் அழகாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும் காட்டினேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவரும் பார்த்தார்.

எழுதியது பக்கத்து வீட்டு டீச்சர். பிள்ளைகளுக்குப் பழைய காலத்தைக் கதையாகச் சொல்லும் புத்தகம். ஒரு கோடை விடுமுறை முழுக்க என்னிடம் உட்கார்ந்து கேட்டார். நானும் வாய் ஓயாமல் சொன்னேன்.

நடந்தது இதுதான். அப்போது சண்டை நேரம். அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் சுற்றுவோம். கம்பெனியிலிருந்து துணி வரும். கையால் சுற்றும் மிஷினில் சுருட்டி, தாள் ஒட்டி, டஜன் டஜனாகக் கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். "எல்லாம் பட்டாளத்துக்குப் போகுதுட்டி" என்று அம்மா சொன்னாள். அண்ணனுக்குப் போகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். எட்டு வயதுதானே. அவனுக்கு மரிக்கொழுந்து வாசம் பிடிக்கும். ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஒரு கொத்து வைத்துச் சுற்றிவிட்டேன்.

வெள்ளைத் துணியில் பச்சைக் கறை. மூட்டை முழுவதும் திரும்பி வந்தது. அம்மா சூப்பர்வைசர் காலில் விழுந்து பார்த்தாள். வேலை போனது போனதுதான். அடுத்த மாதம் தந்தி வந்தது. அண்ணனின் உடல்கூட வரவில்லை. அன்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "நீ திருப்பி வர வச்ச கட்டு போயிருந்தா எம்புள்ள பொழச்சிருப்பாம்ட்டி." அதன் பிறகு அவள் அதைச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

புத்தகத்தில் வேறு மாதிரி. அந்தச் சிறுமி சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசுகிறாள், அவர் மன்னிப்புக் கேட்கிறார். மூட்டை எல்லைக்குப் போகிறது. அண்ணன் பேண்டேஜைப் பிரித்து, வாசம் பிடித்து, பிழைத்து வீட்டுக்கு வருகிறான். பேத்தி வாசித்து முடித்ததும் டீச்சரைக் கூப்பிட்டேன்.

"ஏன் டீச்சர், சூப்பர்வைசர நிமிந்து பாத்தாலே எங்கம்மா செவுட்டுல ஒண்ணு விடுவா. இந்தப் புள்ள வக்கீல் கணக்காப் பேசுதே?"

"இப்ப உள்ள புள்ளைகளுக்கு அப்படித்தான் பிடிக்குது ஆச்சி. பயந்த புள்ளையப் பத்தி எழுதுனா யாரு படிப்பா?"

"சரி, எங்கண்ணன்?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "பத்து வயசுப் புள்ளைக படிக்கிறது. செத்துட்டான்னு முடிச்சா பெத்தவுக சண்டைக்கு வந்துருவாக."

பாவாடை எங்கள் காலத்துப் பாவாடை, வாய் என் பேத்தி காலத்து வாய் என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சால்வை எல்லாம் போட்டார்கள். கதையை வாசித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்தான்.

"அண்ணன் வந்தப்போ நீங்க என்ன பண்ணுனீங்க ஆச்சி?"

டீச்சர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ரயில்ல வந்தான் அய்யா. தகரப் பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு, என்னத் தோள்ல தூக்கிக்கிட்டுத் தெரு முழுக்கச் சுத்துனான். அம்மா கோழி அடிச்சா. எம்புட்டுச் சனம்ங்கிற!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு நிறுத்த மனசே வரவில்லை. அம்மாவுக்கு ஒரு கம்பளி, எனக்கு வளையல் என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்ததாகவும் சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கை தூக்கியது. "இப்ப அவுக எங்க இருக்காக?"

அதை நான் யோசிக்கவில்லை. கல்யாணமா, பிள்ளைகுட்டியா, எந்த ஊர்?

"செத்துட்டான் தாயி."

"எப்போ?"

"அப்பவே."

"வந்த பொறவா?"

"வரவே இல்ல தாயி."

அந்தப் பிள்ளை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. டீச்சர் மைக்கை வாங்கி நன்றி சொல்லச் சொன்னார். எல்லாரும் எழுந்து ஒரே குரலில் நன்றி சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் கேட்டார்: "வந்தான்னே விட்டுருக்கலாமே ஆச்சி. அம்புட்டு அழகாச் சொன்னீக."

"எத்தன வருசத்துக்கு அவன வச்சுக் கஞ்சி ஊத்த முடியும் தாயி, கதையில?"

டீச்சர் என் சால்வையை மடித்துக் கொடுத்தார். ராஜபாளையம் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.